பதில் இல்லை, இன்னும் முயல்கிறது

கொழிஞ்சாம்பாறை, இரவு ஒன்று நாற்பது.
பால் குளிரூட்டு நிலையத்தின் பின்னறையில்
சுமை நாற்பத்தொன்று என்கிறது கணினி.
தொட்டுப் பார்த்தேன். சூடே இல்லை.
ஒரு வேலையும் செய்யாமல்
நாற்பத்தொரு பேர் களைத்துக் கிடக்கிறார்கள்.

பிஎஸ் அடித்தால்
வரிசையாக டி, டி, டி.
உறக்கம்தான், எழுப்ப முடியாத வகை.
முதல் ஏழுக்குக் கில் மைனஸ் ஒன்பது அனுப்பினேன்.
அதைக் கண்டால் எதுவும் மறுபேச்சின்றிச் சாகும்.
இவை சாகவில்லை.
சாவதற்கும் ஒரு கணம் கண் விழிக்க வேண்டுமே.

வட்டு இருப்பது பொள்ளாச்சியில்.
இங்கே இருப்பது "கணக்கு" என்ற பெயர் மட்டும்.
யாராவது அந்தப் பெயரைத் தொட்டால்
ஆட்டோமவுன்ட் ஓடிப்போய்
கோப்புறையைக் கொண்டுவந்து வைக்கும்.
ஐந்து நிமிடம் யாரும் சீண்டாவிட்டால்
சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போய்விடும்.
நான்கு வருடமாக அப்படித்தான்.
இன்று எட்டரைக்குப் போனது
திரும்பி வரவில்லை.

என்னதான் ஆயிற்று என்று எல்எஸ் அடித்தேன்.
என் ஜன்னலும் உறைந்தது. நாற்பத்திரண்டு.
இன்னொன்று திறந்து டிஎஃப். நாற்பத்துமூன்று.
கிணற்றில் விழுந்தவனைப் பார்க்க
ஒவ்வொருவராய்க் குனிந்து விழும் ஊர்.

வாசலில் இன்னாசிமுத்துவின் டேங்கர் உறுமுகிறது.
"மேடம், சீட்டு கிட்டுமா?"
பதினெட்டுத் தரம் பொத்தானை அமுக்கியிருக்கிறார்.
பதினெட்டும் உள்ளே நிற்கின்றன.

பதிவேட்டில் ஒரே வரி, திரும்பத் திரும்ப:
சர்வர் பதில் சொல்லவில்லை, இன்னும் முயல்கிறது.
யார் இதற்கு இவ்வளவு பிடிவாதம் சொல்லிக்கொடுத்தது?
அமைப்புக் கோப்பைத் திறந்தேன்.
ஹார்டு. என் கைதான் எழுதியது.
சாஃப்ட் என்றிருந்தால்
சில முறை கேட்டுவிட்டுக் கையை விரித்திருக்கும்,
பாதி எழுதிய லிட்டர்களோடு.
பெர்னதத்தின் ஒன்பது நாள் பால்
அப்படித்தான் ஒரு வருடம் காணாமல் போனது.
அன்று மாற்றினேன்:
தொலைப்பதைவிடக் காத்திருப்பது மேல்.

போனில் சஜீஷ்.
கோபாலபுரத்தில் குடிநீர்க் குழாய்க்குத் தோண்டிய ஜேசிபி
ஃபைபரை வாரிப்போட்டிருக்கிறது.
குழிக்குள் உட்கார்ந்து,
ஒரு கால் கேரளத்தில் ஒரு கால் தமிழ்நாட்டில்,
நெற்றி விளக்கில் மயிரிழையை ஒட்டிக்கொண்டிருக்கிறான்.
"ரெண்டு மணி நேரம் ஆகும் சேச்சி."

யுமவுன்ட் மைனஸ் எல் அடித்து வைத்தேன்.
பெயரை மட்டும் கழற்றும் சோம்பேறி வழி.
பிடித்துக்கொண்டிருப்பவர்கள் பிடித்தபடியே இருப்பார்கள்,
எதை என்று தெரியாமல்.
என்டர் விசைமேல் விரல் வைத்து
எடுத்துவிட்டேன்.

நான்கு ஏழு.
சர்வர் சரி.

நான் மறந்தே போயிருந்த எல்எஸ்
தன் பட்டியலை நிதானமாக ஒப்பித்தது,
இப்போதுதான் கேட்டதுபோல.
சுமை சரியத் தொடங்கியது.
பிரின்டர் இருமிக்கொண்டு பதினான்கு சீட்டு தள்ளியது,
பதினான்கிலும் அதே மூவாயிரத்து நூற்றிருபது லிட்டர்.
இன்னாசிமுத்து ஒன்றை எடுத்துக்கொண்டு
"பாக்கி யாருக்கு?" என்றார்.

பதினெட்டில் நான்கு எங்கே?
அந்த ஏழும் விழித்தன,
வாசலில் கிடந்த என் ஒன்பதைப் படித்தன,
படித்த இடத்திலேயே செத்தன.
நான்கு சீட்டு. இரண்டு ஏதோ வெப்பநிலைக் கணக்கு.
ஏழாவது
மாலைப் பால் பதிவு, உறுப்பினர் எண் எண்பத்தாறு.
பெர்னதத்.

ஏழரை மணி நேரம் பிடியை விடாமல் நின்றிருக்கிறது.
பொறுக்காதவள் நான்தான்.

டேங்கர் வேலந்தாவளம் பக்கம் திரும்பும் சத்தம்.
மேசையறையில் காகிதப் பேரேடு இருந்தது,
மூலையில் பால் பட்டு உப்பிய பக்கம்.
ஆறு புள்ளி நான்கு லிட்டர்.
கொழுப்பு, நான்கோ ஏழோ,
மை கசிந்திருக்கிறது.
விடிந்ததும் போய்க் கேட்க வேண்டும்.